திருத்தணி தந்த தத்துவ அறிஞரும் சமயம் சாரா அரசும்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப் பாதையில் திருத்தணி என்னும் மலைக்கோயில் ஊர் அமைந்துள்ளது. ஆண்டின் நாள்களை நினைவூட்டும் முந்நூற்று அறுபத்தைந்து படிகளின் உச்சியில் முருகப்பெருமான் திருக்கோயில். அடிவாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர். இவ்வூரில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஒரு தெலுங்கு அந்தணக் குடும்பத்தில் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் வீராசாமி, தாயார் சீதம்மா. தந்தையார் வருவாய்த் துறையில் சிற்றலுவல் பார்த்தவர். செல்வம் இல்லாத இல்லம் அது. அவர் பிறந்த நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடும் இந்நாட்டில், அவர் வாழ்வு முழுவதையும் பின்தொடர்ந்த ஒரு கேள்வியைப் பலரும் நினைப்பதில்லை. ஆட்சி செய்பவருக்குச் சமயம் இருக்கலாம். ஆட்சிக்கு ஒரு சமயம் இருக்கலாமா என்பதே அக்கேள்வி.

தமிழ்ச் சமணர்க்கு இக்கேள்வி புதியதன்று. மகேந்திரவர்மப் பல்லவன் அருகன் நெறியில் நின்ற காலமும், பின்னர்ச் சைவம் தழுவிய காலமும் அவர்தம் வரலாற்றில் ஆழப் பதிந்தவை. மன்னன் மனம் மாறியபின் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளி இடிக்கப்பட்டது என்றும், அதன் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரஈச்சரம் எழுந்தது என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அரசின் சமயமே நாட்டின் சமயம் என்று கொண்டால் பள்ளிகளின் வாழ்வும் தாழ்வும் ஒரு மனிதனின் மனமாற்றத்தில் தொங்கும். இதற்கு மாறான மரபும் உண்டு. 1368ஆம் ஆண்டு விசயநகர மன்னன் முதலாம் புக்கன் வைணவர்க்கும் சமணர்க்கும் எழுந்த வழக்கைத் தீர்த்தபோது, சமணர் கையை வைணவர் கையில் ஒப்படைத்து, இரு நெறிக்கும் இடையே வேற்றுமை பாராட்டலாகாது என்று தீர்ப்பளித்ததைச் சிரவணபெளகொளக் கல்வெட்டு இன்றும் காட்டி நிற்கிறது. மன்னன் தன் சமயத்தை விடவில்லை. தன் முத்திரையை அதற்கு மட்டும் உரியதாக்கவும் இல்லை.

திருத்தணிச் சுற்றுவட்டாரமே இவ்விரு மரபுக்கும் சான்று. திருத்தணி முருகன் மணந்த வள்ளியம்மை பிறந்த இடமாகப் போற்றப்படும் வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் அமைத்த சமணக் குகைப்பள்ளியும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ளன. ஒரே குன்றில் அருகனும் குமரனும் வீற்றிருக்கிறார்கள். அந்த வேலூர் வட்டாரத்தில்தான் இராதாகிருஷ்ணன் பின்னாளில் கல்வி கற்க வந்தார்.

அவர் பிறந்த காலத்து அரசு அயலாருடையது. அயலார் சமயத்தையும் உடன் கொண்டது. 1806ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு, நெற்றிக்குறியையும் தாடியையும் விலக்கிப் புதுவகைத் தலைப்பாகை அணியச் சொன்ன ஆணை ஒரு முதன்மைக் காரணமாக அமைந்தது. 1858ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் பேரறிக்கை, குடிமக்களின் சமய நம்பிக்கையில் தலையிடுவதில்லை என்று உறுதி கூறிற்று. ஆனால் அதே அரசு ஆங்கிலத் திருச்சபையின் குருமார்க்கு இந்திய வருவாயிலிருந்து ஊதியம் வழங்கி, அதற்கென ஒரு துறையையே வைத்திருந்தது. கோயில்களிலோ வேறு கதை. 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறையால் சென்னை மாகாணக் கோயில்களின் மேற்பார்வையைக் கும்பினி அரசு ஏற்றது. உருவ வழிபாட்டை ஒரு கிறித்தவ அரசு பேணுவதா என்று பாதிரிமார் இடைவிடாது குறைகூறவே, அது மெல்ல விலகி, 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றும் கைகழுவியது. குருமார்க்குக் கருவூலம் திறந்திருந்தது; கோயிற் காவல் மட்டும் பாவம் எனப்பட்டது. சமயச் சார்பின்மை என்னும் சொல்லை எவரும் எப்படியும் வளைக்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

திருத்தணித் தொடக்கப் பள்ளிக்குப் பின், எட்டு வயதளவில் இராதாகிருஷ்ணன் திருப்பதியில் செருமானிய லூத்தரன் சமயப் பணியாளர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அதன்பின் வேலூரில் அமெரிக்கச் சமயப் பணியாளரின் கல்லூரி. அதுவே பின்னாளில் ஊரிசு கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1904இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அது அப்போது தாம்பரத்தில் இல்லை. உயர்நீதிமன்றத்துக்கு எதிரே நகரின் நடுவில் இருந்தது. ஆக, திருமலையின் நிழலிலும் வேலூர்க் கோட்டையின் அருகிலும் வளர்ந்த இளைஞன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் விவிலிய வகுப்பில் அமர்ந்தான். அரசின் மானியத்தைப் பெற்ற இப்பள்ளிகளில் மறைநூல் பாடம் எல்லா மாணவர்க்கும் உரியதாக இருந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைக்குத் தெரிந்தெடுக்க வேறு வாயிலும் அதிகம் இல்லை.

இதனால் அவருக்குக் கசப்பு விளைந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். விவிலியத்தை அவர் நன்கு கற்றார். கிறித்தவப் பேராசிரியர்களை மதித்தார். ஆயின் ஒன்று உறுத்திற்று. தம் முன்னோர் நெறி உலகைப் பொய்யென்று தள்ளுவதால் அதில் அறத்துக்கு அடித்தளம் இல்லை என்று வகுப்பறையில் மீண்டும் மீண்டும் கேட்க நேர்ந்தது. பழித்துரைக்கப்பட்டதை அவர் மறுத்துக் கூச்சலிடவில்லை, படிக்கத் தொடங்கினார். தத்துவப் பாடத்தை அவர் தேர்ந்தது, உறவினர் ஒருவர் படித்து முடித்த நூல்கள் விலையின்றிக் கிடைத்ததால்தான் என்பர். வறுமை செய்த நன்மை அது. முதுகலைத் தேர்வுக்காக வேதாந்தத்தின் அறக்கொள்கையைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1908ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. எவர் கூற்றுக்கு அது மறுப்பாக எழுந்ததோ, அந்தக் கல்லூரிப் பேராசிரியராகிய ஏ. ஜி. ஹாக் அதனைப் பாராட்டிச் சான்று வழங்கினார். தம் சமயத்தைப் பரப்ப வந்த ஆசிரியர், மாற்றுச் சமயத்துக்கு வாதாடிய மாணவனின் திறத்தை ஒப்புக்கொண்டார் என்பது அக்கல்லூரிக்கும் பெருமையே.

1909ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். அக்கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர்களுள் தமிழ்ச் சமணர் குலத்து அறிஞர் அ. சக்கரவர்த்தி நயினாரும் ஒருவர் என்பதை இங்குக் குறிக்காமல் செல்லவியலாது. குந்தகுந்தாசாரியரின் பஞ்சாஸ்திகாயத்தையும் சமயசாரத்தையும் ஆங்கில உலகுக்கு அளித்தவர் அவர். பின்னர் 1918இல் மைசூர். 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் சார்ஜ் இருக்கை. மைசூரை விட்டுப் புறப்பட்டபோது மாணவர்கள் மலர் அணிந்த வண்டியில் அவரை அமர்த்தித் தாமே புகைவண்டி நிலையத்துக்கு இழுத்துச் சென்றார்கள்.

1923ஆம் ஆண்டு அவருடைய இந்தியத் தத்துவம் என்னும் பெருநூலின் முதற்பகுதி வெளிவந்தது. சமணத்துக்கு அதில் தனி இயல் உண்டு. அவ்வியலைத் தமிழ்ச் சமணர் ஒருவர் படித்தால் மகிழ்வும் வருத்தமும் ஒருங்கே எழும். உயிர்ப் பன்மையையும் வினைக் கொள்கையையும் கொல்லாமையையும் அவர் மதிப்புடன் விளக்கினார். ஐரோப்பியர் பலர் செய்ததுபோல் சமணத்தைப் பௌத்தத்தின் கிளையென்று ஒதுக்கவில்லை. ஆனால் சியாத்வாதத்தில் வந்து நின்று குறை கண்டார். எல்லா அறிவும் ஒருபுடை அறிவே என்று சொல்வதானால், முழு உண்மை ஒன்று பின்னே இருப்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். சமணர் அந்தக் கடைசி அடியை எடுத்து வைக்காமல் பாதி வழியில் நின்றுவிட்டனர். எடுத்து வைத்திருந்தால் ஒருமை வாதத்தை அடைந்திருப்பர் என்பது அவர் கருத்து.

இதற்கு விடை சமண நூல்களிலேயே உண்டு. நயம் வேறு, பிரமாணம் வேறு. ஒருபுடை நோக்கு நயம். முழுமை கேவல ஞானிக்கு உரியது. முழு அறிவை மறுத்தவர் அல்லர் சமண ஆசாரியர். அம்முழுமைக்குள்ளும் பொருள்கள் பலவாகவே நிற்கும் என்றவர்கள். இராதாகிருஷ்ணன் எல்லா நெறிகளையும் ஏணிப் படிகளாக அடுக்கி உச்சியில் வேதாந்தத்தை வைத்தார். 1926இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளின் தொகுப்பாகிய இந்து வாழ்க்கை நெறி என்னும் நூலிலும் இவ்வேணி உண்டு. கீழ்ப்படியில் நிற்பவரைத் தள்ளிவிடாத ஏணிதான். எனினும் ஏணி ஏணியே. அநேகாந்தம் ஏணி அன்று. அது ஒரே தளத்தில் நின்று சுற்றிப் பார்க்கும் பார்வை. தத்துவ ஆசிரியர் என்ற நிலையில் இவரோடு உடன்பட முடியாத இடம் சமணர்க்கு இது. பிற்காலத்தில், 1957இல், சார்லசு மூர் என்பாருடன் சேர்ந்து அவர் தொகுத்த மூலநூல் திரட்டில் தத்துவார்த்த சூத்திரமும் சியாத்வாத மஞ்சரியும் தம் வாய்மொழியாகவே பேசுமாறு இடம்பெற்றன. அது முறையான செயல்.

தத்துவத்தில் ஏணி வைத்தவர் அரசியலில் அதைக் கொண்டு வந்தாரா? அவர் வாழ்வின் பிற்பகுதியைப் படிப்போர் கேட்க வேண்டியது இதுவே.

இடைப்பட்ட ஆண்டுகள் பதவிகளால் நிறைந்தவை. 1931இல் சர் பட்டம். அதே ஆண்டு ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1936 முதல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கான பேராசிரியர். 1939இல் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஞாயிறுதோறும் அங்கே அவர் ஆற்றிய கீதை விரிவுரைகளுக்கு மாணவர் திரண்டனர். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுப் போராட்டத்தின்போது, கிளர்ச்சியில் ஈடுபட்ட பல்கலைக்கழகத்தைப் போர்க்கால மருத்துவமனையாக மாற்ற ஆளுநர் ஹாலெட் முனைந்தார். இராதாகிருஷ்ணன் தில்லிக்குச் சென்று வைசிராயிடம் வாதாடி அதைத் தடுத்தார்.

இதற்கிடையே 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தியத் திருச்சபையை இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப் பிணைப்பிலிருந்து விடுவித்தது. ஆயினும் 1935ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில்கூடத் திருச்சபை விவகாரம், பாதுகாப்பும் அயலுறவும் போல, மக்கள் பிரதிநிதிகள் தொடமுடியாத தலைமை ஆளுநரின் தனித்துறையாக வைக்கப்பட்டது. இந்தியர் பணத்தில் ஒரு சமயத்தின் குருமார்க்கு ஊதியம். அதைப் பற்றி வாக்களிக்க இந்தியர்க்கு உரிமை இல்லை. விடுதலையோடுதான் இது ஒழிந்தது.

அரசியல் நிர்ணய சபையில் இராதாகிருஷ்ணன் உறுப்பினர். 1947 ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவுக் கூட்டத்தில் பேசியவர்களுள் ஒருவர். அதற்கு முன், சூலை 22ஆம் நாள் தேசியக் கொடி ஏற்கப்பட்டபோது அவர் ஆற்றிய விளக்கவுரை நினைக்கத் தக்கது. கொடியின் நிறங்களை இன்ன நிறம் இன்ன சமயத்துக்கு என்று பங்கு பிரிக்கும் வழக்கம் அன்று இருந்தது. அவர் அதை விடுத்துக் காவியைத் துறவுக்கும், வெண்மையை வாய்மையின் ஒளிக்கும், பசுமையை மண்ணோடும் பயிரோடும் உள்ள உறவுக்கும் உரியதாக்கினார். நடுவில் உள்ள சக்கரத்தை அறத்தின் சக்கரம் என்றார். அருகனை அறவாழி ஏந்தியவனாக வணங்கும் தமிழ்ச் சமணர்க்கு அது அயலான சின்னம் அன்று.

அரசியல் சட்டத்தின் 25 முதல் 28 வரையுள்ள உறுப்புகள் சமயத்தைப் பற்றியவை. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், உடல்நலம் ஆகிய வரம்புகளுக்கு உட்பட்டு எவரும் தம் நெறியை ஏற்கவும் ஒழுகவும் பரப்பவும் 25ஆம் உறுப்பு உரிமை தருகிறது. குறிப்பிட்ட ஒரு சமயத்தை வளர்க்கவென்று வரி கட்டுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பது 27ஆம் உறுப்பு. அரசின் முழுச்செலவில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. மானியம் பெறும் பள்ளியில் மாணவனோ, சிறுவனாயின் அவன் பெற்றோரோ இசையாமல் சமய வகுப்பில் அமர்த்தலாகாது என்பது 28ஆம் உறுப்பு. திருப்பதியிலும் வேலூரிலும் விவிலிய வகுப்பில் அமர்ந்த சிறுவனுக்கு அந்நாளில் இல்லாத உரிமை இது.

சமணர்க்கு ஓர் ஐயம் எழுந்ததும் அந்நாளில்தான். 25ஆம் உறுப்பின் விளக்கம் ஒன்று, பொதுக் கோயில்களை எல்லா வகுப்பார்க்கும் திறந்துவிடும் சட்டங்களைப் பொறுத்தவரை, இந்துக்கள் என்னும் சொல் சீக்கியரையும் சமணரையும் பௌத்தரையும் உள்ளடக்கும் என்றது. தனிச் சமயம் என்ற நிலை இதனால் மறைந்துவிடுமோ என்று அஞ்சிய சமணத் தூதுக்குழு பிரதமர் நேருவைக் கண்டது. விளக்கம் அந்த ஒரு நோக்கத்துக்கு மட்டுமே உரியது; சமணர் தனிச் சமயத்தாரே என்னும் உறுதி 1950 சனவரி 31ஆம் நாளிட்ட கடிதத்தால் பிரதமர் அலுவலகத்திலிருந்து வந்தது. நாடு தழுவிய சிறுபான்மையினர் என்னும் அறிவிக்கை வர 2014ஆம் ஆண்டு சனவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1948 நவம்பரில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு இராதாகிருஷ்ணன் தலைவர். சாகிர் உசேன், சென்னையின் ஆ. இலட்சுமணசாமி முதலியார், மேகநாத சாகா முதலியோர் உறுப்பினர். நாடு சமயத்தின் பெயரால் பிளவுண்டு, குருதி காயாத காலம். சமயத்தைக் கல்விச்சாலையின் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுவதே பாதுகாப்பு என்று பலர் எண்ணினர். இராதாகிருஷ்ணன் அப்படி எண்ணவில்லை. அரசு எச்சமயத்தையும் சாராதிருத்தல் என்பது குடிமக்கள் சமயம் பற்றி ஒன்றும் அறியாதிருத்தல் ஆகாது. ஒரு சமயத்தை மட்டும் புகட்டுவது வேறு, எல்லாச் சமயங்களையும் பற்றி அறியச் செய்வது வேறு என்பது 1949இல் அளிக்கப்பட்ட அறிக்கையின் கருத்து. நாள்தோறும் பாடம் தொடங்குமுன் சில மணித்துளி மௌனம். முதலாண்டில் சமயப் பெரியோர் வரலாறு. இரண்டாம் ஆண்டில் உலகச் சமய நூல்களிலிருந்து பொதுமைப் பகுதிகள். மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைச் சிக்கல்கள். இவை குழுவின் பரிந்துரை.

முதலாண்டுப் பாடத்துக்கென அவ்வறிக்கை எடுத்துக்காட்டாகத் தரும் பெயர்களில் புத்தர், கன்பூசியசு, சரதுட்டிரர், சாக்ரடீசு, இயேசு, சங்கரர், இராமானுசர், மத்துவர், முகம்மது நபி, கபீர், நானக், காந்தியடிகள் ஆகியோர் உளர். வர்த்தமான மகாவீரர் பெயர் இல்லை. கிரேக்க நாட்டுச் சாக்ரடீசுக்கு இடம் கிடைத்த பட்டியலில், இந்திய மண்ணில் கொல்லாமையைத் தலைமை அறமாக்கிய தீர்த்தங்கரர்க்கு இடம் கிடைக்கவில்லை. இது பகைமையால் நேர்ந்ததன்று. சமணத்துக்குத் தம் நூலில் தனி இயலே எழுதியவர் அவர். எண்ணிக்கையில் சிறிய சமயத்தை நல்லெண்ணம் உடையோரும் மறந்துவிடுவர். அரசு எல்லாச் சமயங்களையும் ஒப்ப மதிக்கும் என்று சொல்லும்போது, எல்லா என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதை யாரேனும் ஒருவர் எழுதியாக வேண்டியிருக்கிறது. எழுதுபவர் கை ஓய்ந்த இடத்தில் பட்டியலும் முடிந்துவிடுகிறது.

1949இல் அவர் மாஸ்கோவுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். சமயத்தைச் சமூகத்தின் நோயாகக் கருதிய அரசு அது. திருச்சபைச் சொத்து அரசுடைமையாகி, பல கோயில்கள் மூடப்பட்ட நாட்டில், ஒரு வேதாந்தி ஆண்டின் ஒரு பகுதியில் ஆக்ஸ்போர்டு சென்று சமயத் தத்துவமும் கற்பித்துக்கொண்டு தூதராக இருந்தார். ஸ்டாலினை இருமுறை கண்டார். கலிங்கப் போருக்குப் பின் வாளை வைத்துவிட்ட அசோகனின் கதையை ஸ்டாலினிடமே அவர் எடுத்துரைத்தார் என்பர். ஒரு சமயத்தை நாட்டின் மேல் ஏற்றிய அரசைச் சென்னையிலும், எச்சமயமும் வேண்டா என்ற அரசை மாஸ்கோவிலும் கண்டவராய் 1952இல் அவர் நாடு திரும்பிக் குடியரசுத் துணைத் தலைவரானார்.

இக்காலத்தில் எழுதிய நூல்களிலும் முன்னுரைகளிலும் அவர் கொள்கை தெளிவுற்றது. 1950களின் நடுவில் வந்த நம்பிக்கையின் மீட்சி என்னும் நூல் இவற்றுள் முதன்மையானது. சமயம் சாரா அரசு என்பது கடவுள் மறுப்பும் அன்று, உலகியலே போதும் என்னும் கொள்கையும் அன்று. எந்த ஒரு சமயத்துக்கும் சிறப்புரிமை தரலாகாது. தந்தால் அது மக்களாட்சியின் அடிப்படைக்கு மாறாகும். எக்குழுவும் தான் பிறர்க்கு மறுப்பதைத் தனக்குக் கோரலாகாது. இவ்வளவில் அவர் தம் ஏணியை நூலகத்திலேயே விட்டுவிட்டு வந்தார் என்று கூறலாம். ஆன்மிகத்தில் வேரூன்றிய நாட்டுக்குச் சமயம் சாரா அரசு பொருந்துமா என்ற வினாவுக்கும், இந்திய மரபே இதைக் கேட்கிறது என்று விடை தந்தார்.

முதல் குடியரசுத் தலைவர் இராசேந்திரப் பிரசாத், நேருவின் கருத்துக்கு மாறாக, 1951 மே மாதம் சோமநாதர் கோயில் விழாவுக்குச் சென்றார். அரசின் தலைவர் தம் சமயத்தை ஒளிக்க வேண்டுமா என்ற விவாதம் அன்று எழுந்தது. இராதாகிருஷ்ணனும் தம் நெறியை ஒளித்தவர் அல்லர். உபநிடதங்களுக்கும் கீதைக்கும் உரை கண்டவர். அதே கையால் 1950இல் தம்மபதத்தையும் மொழிபெயர்த்து வெளியிட்டவர். 1956ஆம் ஆண்டு புத்தர் பரிநிர்வாணத்தின் 2500ஆம் ஆண்டு விழாவை இந்திய அரசே கொண்டாடியபோது, அதனையொட்டி வெளிவந்த நூலுக்கு முன்னுரை வழங்கினார். சமயம் சாரா அரசு ஒரு சமய முதல்வரின் விழாவுக்குப் பொதுப்பணம் செலவிடலாமா என்னும் வினாவை அப்போது எவரும் உரக்கக் கேட்கவில்லை. பின்னர்க் கேட்டனர்.

அவர் துணைத் தலைவராகவும் மாநிலங்களவைத் தலைவராகவும் இருந்த காலத்தில் அவர் பிறந்த ஊரே மாநிலம் மாறியது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1959ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. முருகன் கோயிலும் இம்மாநில அறநிலையச் சட்ட ஆட்சிக்குள் வந்தது. அதே 1959ஆம் ஆண்டின் அந்த அறநிலையச் சட்டத்தைத் தமிழ்ச் சமணர் கருத்துடன் படிக்க வேண்டும். இந்துப் பொதுச் சமய நிறுவனங்களுக்கு அது பொருந்தும். சமண நிறுவனங்களைத் தானாக அது தொடுவதில்லை. ஆயின் அரசு அறிவிக்கை வாயிலாக அதன் விதிகளைச் சமணப் பொதுநிறுவனங்களுக்கும் நீட்டிக்கலாம் என்னும் அதிகாரம் அதன் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளது. 1863இல் கோயில்களைக் கைகழுவிய அரசும், 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் மீண்டும் உள்ளே வந்த அரசும், கதவைத் தாழிடாமல் சாத்தி வைத்திருக்கும் இன்றைய சட்டமும் ஒரே கேள்வியின் மூன்று வடிவங்கள். ஜினாலயங்களின் கணக்கு ஒழுங்காக இருக்கும்வரை அந்தக் கதவு தட்டப்படாது என்பது சமூகப் பெரியோர் பலரின் எண்ணம். அது சட்டம் தரும் உறுதி அன்று.

1962 மே 13ஆம் நாள் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானார். துணைத் தலைவராக வந்தவர், கல்விக் குழுவில் உடனிருந்த சாகிர் உசேன். 1964 டிசம்பரில் போப் ஆறாம் பால் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்தார். கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவர் ஒருவர் இந்திய மண்ணை மிதித்தது அதுவே முதன்முறை. கிறித்தவப் பள்ளிகளில் தம் சமயம் பழிக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்த திருத்தணிச் சிறுவன் அந்நாட்டின் தலைவராக அப்போது வீற்றிருந்தார். 1967இல் பதவி முடிந்தது. சாகிர் உசேன் அவ்விடத்தை ஏற்றார். ஒரு வேதாந்தியின் இருக்கையில் ஓர் இசுலாமியர் அமர்ந்ததற்குச் சட்டத்தின் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சமயச் சார்பற்ற என்னும் சொல்கூட அப்போது அரசியல் சட்ட முகப்புரையில் இல்லை. அது 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அவர் மறைந்தபின் சேர்ந்தது.

ஓய்வுக் காலத்தைச் சென்னை மயிலாப்பூர் இல்லத்தில் கழித்தார். இறுதியில் நெடுநாள் நோயுற்றிருந்தார். 1975ஆம் ஆண்டு சமயத் துறைப் பணிக்கான டெம்பிள்டன் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. கிறித்தவர் அல்லாதார் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. பரிசுத் தொகை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் காலமானார்.

அவர் நோயுற்றுக் கிடந்த அந்நாள்களில்தான் நாடெங்கும் மகாவீரர் நிர்வாணத்தின் 2500ஆம் ஆண்டு விழா அரசின் ஆதரவோடு நடந்துகொண்டிருந்தது. 1956இல் எழாத வினா இப்போது எழுந்தது. பொதுப்பணத்தை இவ்விழாவுக்குச் செலவிடுவது 27ஆம் உறுப்புக்கு மாறானது என்று தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒரு சமயத்தை வளர்ப்பதற்காக அன்று, நாட்டின் பண்பாட்டுக்குக் கொடை அளித்த ஒரு பெரியோரை நினைவுகூரவே இச்செலவு என்று கொண்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. கல்விக் குழுவின் பட்டியலில் விடுபட்ட பெயர், அவ்வறிக்கை வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், நாட்டின் பெரியோர் வரிசையில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் வழியே ஏறியது.